ஒரு கடிதத்துக்கு ஒரு பட்

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறார். வலது கையில் இப்போதுதான் அச்சடித்த தாள், இடது கை இடுப்பில். தொண்டையைச் செருமிக்கொண்டு வாய்விட்டுப் படிக்கிறார்: ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், அடுத்த மூச்சில் அதே வாக்கியம் தமிழில். பிறகு அடுத்தது. அறையில் இருக்கும் எங்கள் ஆறு பேருக்கும் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. யாராவது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள்தான் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். "உக்காந்து படிச்சா எல்லாமே சரியாத்தான் இருக்கும். நின்னு படிச்சாத்தான் எங்க உதைக்குதுன்னு தெரியும்" என்பார்.

மின்விசிறி இறக்கை செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. தகரத் தகடு ஒரு பக்கம் உள்ளே போகும், பெயின்ட் அடித்த இறக்கை மறுபக்கம் அட்டைப்பெட்டியில் வெளியே வரும். அந்தப் பெட்டிகளின் பின்னாலேயே ஆங்கிலக் கடிதங்களும் போகும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடிதங்களை எழுதுகிறவர் இவர். ஐம்பத்தாறு வயது. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இவருடைய கண்ணாடியின் இடது கால் மட்டும் ஒன்றரை வருடமாகக் கறுப்பு நூல் சுற்றி நிற்கிறது. கேட்டால், "கடைக்கு வந்து வரிசையில நில்லு, சரி பண்ணித் தரேங்கறார். நான் எதுக்கு நிக்கணும்?" என்கிறார். யார் முதலில் இறங்கி வருவது என்று அந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

வாசல் காவலாளியிலிருந்து தகடு வெட்டும் பிரஸ் பிரிவு வரைக்கும் இவருக்குப் பெயர் பட் அக்கா. முகத்துக்கு நேரே மேடம், இல்லாவிட்டால் வெறும் அக்கா. இது தனக்குத் தெரியாது என்று அவர் நடித்ததே இல்லை. ஒருநாள் காவலாளி வாய் தவறி "பட்டக்கா வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இவர் வாசலிலேயே நின்றார். "பேரு வச்சதுதான் வச்சீங்க, ஒழுங்கா சொல்லுங்க. பட்டு கிட்டு எல்லாம் வேண்டாம். பட். வெட்டுன மாதிரி நிக்கணும்" என்று உச்சரிப்பைத் திருத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

ஆங்கிலத்தில் 'ஆனால்' என்று சொல்லும் அந்த மூன்றெழுத்துச் சொல்லைக் கொண்டு இவர் வாக்கியத்தைத் தொடங்குகிறார் என்பதுதான் ஊர் உலகத்துக்கு இவர்மேல் உள்ள புகார். அப்படித் தொடங்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். தட்டச்சுப் பள்ளியில் அதற்காக விரல் முட்டியில் மர ஸ்கேலால் அடி வாங்கியதாகச் சொல்வார். ஆனால் யாராவது அதைப் பிழை என்று சொல்லிவிட்டால், மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து தடித்த நோட்டு ஒன்று வெளியே வரும். தீர்ப்புகள், செய்தித்தாள் தலையங்கங்கள், இயந்திரக் கையேடுகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்கள் என்று எங்கெங்கிருந்தோ வெட்டி ஒட்டிய துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் 'பட்'டில் தொடங்கும். அதன் கீழே சிவப்புக் கோடு. போன வாரக் கணக்குப்படி இருநூற்றுப் பதினேழு. "இவங்க எல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று நோட்டை எதிராளியின் மடியில் வைத்துவிடுவார்.

அதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் பட் போடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கருமித்தனம் என்றால் அப்படி ஒரு கருமித்தனம். ஒரு கடிதத்துக்கு ஒன்றுதான். "ரெண்டு போட்டா அது புலம்பல்" என்பார். அதன் பக்கத்தில் கமா போட விடமாட்டார். "பட் சொல்லிட்டு மூச்சு வாங்கக் கூடாது. தைரியம் இருந்தா நேரா சொல்லு, இல்லன்னா சும்மா இரு." 'ஹவெவர்' என்ற சொல்லைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "அது வாசல்ல நின்னு செருப்பத் துடைச்சுக்கிட்டே இருக்கும். பட் உள்ள வந்து உக்காந்துடும்." கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தன் விடுமுறைக் கடிதத்தைத் திருத்தக் கொண்டுவந்தார், அதில் நான்கு பட் இருந்தது. மூன்றைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, "இந்த ஒண்ணுதான் நிஜக் காரணம். மிச்சம் எல்லாம் பயம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

இதன் அடியில் ஒரு கொள்கை இருக்கிறது. தேநீர் இடைவேளையில் என்னிடம் அதைச் சொன்னபோது சிரித்துவிட்டேன், பிறகு சிரிக்கவில்லை. "பட்டுக்கு முன்னாடி இருக்கறது கம்பெனி பேசறது, தபாலு. பட்டுக்கு அப்புறம் இருக்கறதுதான் நடந்தது." நான் அனுப்புப் பிரிவு குமாஸ்தா என்பதால் எனக்குத் தபாலு என்று பெயர். ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பெயின்ட் உரிகிறது என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கம் வழக்கமாகப் போகும் பதில் ஒரு பக்கம் முழுக்க வருத்தமும் உறுதிமொழியுமாக இருக்கும். இவர் மூன்று வரி எழுதினார்: நல்ல பெயின்ட்தான் வாங்கினோம். சரியாகத்தான் அடித்தோம். ஆனால் அந்த வாரம் மழை, முழுதாகக் காயவைக்காமல் அடுக்கிவிட்டோம். அப்போதிருந்த பழைய மேலாளருக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது வியர்த்துவிட்டது. வாடிக்கையாளரோ, இத்தனை வருடத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் நிஜக் கடிதம் இது என்று பதில் எழுதிவிட்டு, அடுத்த ஆர்டரையும் அனுப்பினார்.

வீட்டிலும் இதே கதைதான் என்று அவருடைய மகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்லூரியில் படிக்கிற பெண். அம்மாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து கொடுக்கும்போது எங்களிடம் பேசிவிட்டுப் போவாள். "அப்பா 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பேப்பர எடுத்து முகத்த மூடிக்குவார் அங்கிள். அம்மா 'ஆனா'ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள தப்பிச்சாகணுமே." இவர் அதைக் கேட்டுக்கொண்டே டப்பாவைத் திறந்து, "பேப்பரத் தலைகீழா பிடிச்சிருந்தார்னு சொல்ல விட்டுட்டியே" என்றார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் புது மேலாளர் வந்தார். முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, யாரையும் கடிந்து பேசாதவர். எல்லாரையும் மேடம், சார் என்றுதான் அழைப்பார். வந்த முதல் வாரமே அக்காவின் கடிதங்களைப் பார்த்துவிட்டு, அவருடைய இயந்திரக் கையேட்டுக் கோப்பு ஒன்றைத் தானே சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தார். கணினியில் ஒரே கட்டளை: கோப்பில் இருக்கும் பட் எல்லாவற்றையும் அழித்துவிடு. கணினி சொன்னபடி செய்தது. பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்கள் அத்தனையும் வெறும் டன் ஆகிப்போயின. தொழிலாளி இரண்டு டன்களையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்று அச்சாகி, நாற்பது பிரதி பிரஸ் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா அதில் ஒரு பிரதியை வாங்கிப் படித்தார். நின்றுகொண்டுதான் படித்தார். சிரிக்கவில்லை. "ரெண்டு டன் அழுத்தறதுன்னா ஆளுக்கு ரெண்டு நாள் லீவு தரணும் சார்" என்று மட்டும் சொல்லி மேலாளரின் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து அவருடைய கோப்புகளை யாரும் தொடவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கால் மிதியில் ஓடும் பழைய நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஓர் ஆபரேட்டருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. நாற்பது வயதுக்காரர். பதினான்கு வருடம் அதே பிரஸ். விபத்து நடந்தால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிக்கை போக வேண்டும். எழுத வேண்டியவர் அக்கா. அறிக்கையில் கவனக்குறைவு என்று வந்தால் அந்த மனிதர் வேலைக்குத் திரும்ப முடியாது. தவறு அவருடையது என்று ஆகிவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பிரஸ் பிரிவுக்குப் போனார். பழுது பார்ப்பவர்களின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிரஸ்ஸின் முன்னால் கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலை ஒன்று உண்டு. திங்கட்கிழமை அதன் ஸ்பிரிங் உடைந்திருந்தது. கழற்றி வைத்தார்கள். வேறு ஸ்பிரிங் வரும் வரைக்கும் பொறுக்க முடியாது, இறக்கை ஏற்றுமதி நின்றுவிடும், இல்லாமலே ஓட்டு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கழற்றிய வலை பிரஸ்ஸுக்குப் பக்கத்துச் சுவரில்தான் சாத்தியிருந்தது. கேன்டீனுக்குப் போகிற வழி அது. எங்கள் அறையில் இருக்கும் ஆறு பேரும் அந்த மூன்று நாளும் அதைத் தாண்டித்தான் போனோம், வந்தோம். காலை பத்து மணிக்கு மேலாளர் சுற்று வருவார். அனுப்புப் புத்தகத்தோடு பின்னால் நான் போவேன். செவ்வாய்க்கிழமை அவர் காலில் இடிக்காமல் வலையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நானும் சுற்றிக்கொண்டு நடந்தேன். வெட்கமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

அறிக்கை ஒரு பக்கம் வந்தது. நடுவில் இரண்டு வாக்கியம்: நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குக் காப்பு வலை தரப்பட்டிருந்தது. ஆனால் அது திங்கட்கிழமையிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"மேடம், ஒரு சின்ன கிராமர் விஷயம். பட்ல சென்டென்ஸ் ஆரம்பிக்கக் கூடாது. ஆய்வாளர் படிச்சா என்ன நினைப்பார்?"

"சரி சார், மாத்தறேன்."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல் அது. நோட்டை எடுக்கவே இல்லை. முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இப்ப சென்டென்ஸ் ரொம்ப நீளமா இருக்கே மேடம்."

"சரி சார்."

மூன்றாவது தடவை பட் என்ற சொல்லையே எடுத்துவிட்டார். வலை தரப்பட்டிருந்தது என்பதையும் எடுத்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வலை கிடையாது என்பது மட்டும் தன்னந்தனியாக நின்றது. மேலாளர் அந்த வரியின் மேல் பேனாவை வைத்தார்.

"இந்த லைன் தேவைதானா?"

"இப்ப கிராமர் எங்க சார் போச்சு?"

அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. "மேடம், இது கோர்ட்டு இல்ல, ரிப்போர்ட்டு. உங்களுக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. கிடங்குல ஒரு ஆள் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காங்க. பஸ்ஸு ரெண்டு மாறணும்" என்றார்.

"கிடங்குலயும் கடிதம் எழுதணும்ல சார்?" என்று கேட்டார் அக்கா.

அன்று தேநீர் குடிக்கும்போது நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, ஒரு வரிதானே. விட்டுடலாமே. நீங்க எடுக்கலன்னா வேற யாராவது எடுப்பாங்க."

"வேற யாராவது எடுக்கட்டும். நான் ஒரு தடவ எடுத்திருக்கேன் தபாலு. பழைய கம்பெனில. சொன்னாங்க, எடுத்தேன். அந்த ஆளு மறுவாரம் வேலையில இல்ல. போதும்." தம்ளரைக் கழுவப் போய்விட்டார். 

ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் ஆபரேட்டரை வரச்சொல்லியிருந்தார்கள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. கூட அவர் மனைவி. மேலாளர் தானே தட்டச்சு செய்த அறிக்கையோடு வந்து அக்காவின் மேசையில் வைத்தார். தயாரித்தவர் என்ற இடத்தில் அக்காவின் பதவி, பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் அந்த மனிதரின் பெயர்.

"எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க அக்கா. இடது கைல கிறுக்கத்தான் வரும்" என்றார் ஆபரேட்டர்.

"இரு தம்பி. என் கையெழுத்து விழப்போற தாள நான் படிச்சுக் காட்டாம யார்கிட்டயும் கையெழுத்து வாங்கினதில்ல."

"டைம் இல்ல மேடம்" என்றார் மேலாளர்.

"ஒரு பக்கம்தானே சார், ஓடிடும்."

படித்தார். தேதி, நேரம், பிரஸ்ஸின் எண், எல்லாம் தமிழில். ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டர் தலையை ஆட்டினார். "பிரஸ்ஸுக்குக் காப்பு வலை தரப்பட்டிருந்தது" என்றார் அக்கா. "ஆமா, குடுத்திருந்தாங்க" என்றார் அவர். "ஆபரேட்டர் கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டார்."

மனைவிதான் முதலில் பேசினார். "கவனக்குறைவுன்னா என்னங்க?"

"உங்க வீட்டுக்காரர் பாக்காம கைய விட்டார்னு எழுதியிருக்கும்மா."

ஆபரேட்டர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலாளரைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "வலை குடுத்தது வாஸ்தவம்தான் அக்கா. ஆனா..." என்று நிறுத்திவிட்டார்.

அக்கா காத்திருந்தார்.  "நிறுத்திட்டா எப்படி தம்பி? அதுக்கு அப்புறம் வர்றதுதான் எனக்கு வேணும்."

"ஆனா திங்கக்கிழமையே கழட்டி சுவத்துல சாத்திட்டாங்க. இல்லாமலே ஓட்டுன்னாங்க. கைய உள்ள விடாம தகட்ட எடுக்க முடியாதுக்கா. மூணு நாள் பாத்துப் பாத்துத்தான் ஓட்டினேன்."  மனைவி அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா உட்கார்ந்தார். மேலாளர் அடித்த வரிக்குக் கீழே, பேனாவால், பெரிய எழுத்தில் பட் என்று தொடங்கி ஆபரேட்டர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினார். கமா போடவில்லை. எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். "இதான?" "இதான் அக்கா." தன் கையெழுத்தைப் போட்டார். ஆபரேட்டர் இடது கையால் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மேலாளரின் முகம் சிவந்திருந்தது. முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "இது ஒரு ஆள் வார்த்தை மேடம். அவர் சொல்றார், நீங்க எழுதறீங்க. வலை இல்லன்னு வேற யார் பாத்தா? சொல்லுங்க, யார் பாத்தா?"

 அக்கா எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். தாளின் அடியில் 'பார்த்தவர்கள்' என்று எழுதி, அதன் கீழே ஒன்றன் கீழ் ஒன்றாக, நிதானமாக, கையெழுத்துக்கு இடம் விட்டுக் கோடு போட்டார். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். போட்டு முடித்துப் பேனாவைத் திறந்தபடியே தாளின் மேல் வைத்தார்.

முதல் கோட்டில் நான் போட்டேன். அந்தக் கையெழுத்தைக் காட்டினால் எந்த வங்கியும் ஒப்புக்கொள்ளாது. எனக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. கணக்குப் பிரிவுக்காரர் வந்தார். கொள்முதல்காரர் வந்தார். சேமிப்பு அறை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார். மற்ற இருவரும் போட்டார்கள். நாங்கள் ஆறு பேர். அக்கா போட்டிருந்தது ஏழு கோடு. கணக்குத் தெரியாமல் போட்டவரில்லை அவர்.

ஏழாவது கோட்டின் மேல் பேனாவை வைத்து, தாளை மேலாளர் படிக்க வாகாகத் திருப்பி, அவர் பக்கம் நகர்த்தினார்.